பரீட்சைக் காலத்து இழுப்பு

காய்ச்சல் என்று பொய் சொல்லி இருதயசெல்வியிடம் தப்பித்த பெண் அந்த விடுதியில் ஒருத்தியும் கிடையாது. அக்குளில் வெங்காயத்தை வைத்துக்கொண்டு வந்தவளையும், தெர்மாமீட்டரைச் சுடுதண்ணீரில் முக்கியெடுத்து நீட்டியவளையும் முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவாள். "நூத்தியெட்டு டிகிரியா? அப்ப நீ செத்து அரை மணி நேரம் ஆயிருக்கணும்டி. போ, கிளாசுக்குப் போ" என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டி அனுப்புவாள். அவர்களும் சிரித்துக்கொண்டே போவார்கள்.

செல்விக்குச் சொந்த ஊர் வளவனூர். நர்ஸ் படிப்பு முடித்தவள். கணவர் மரியஅந்தோணி பஸ் கண்டக்டர். விழுப்புரம் தனி மாவட்டமான 1993ஆம் வருஷம் அவருக்குத் திண்டிவனம் டெப்போவுக்கு மாற்றல் வந்தது. கூடவே வந்த செல்விக்கு ஒரு பெண்கள் பள்ளியின் விடுதியில் வார்டன் வேலை கிடைத்தது. வார்டனும் அவளே, நர்ஸும் அவளே. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வந்து தங்கிப் படிக்கும் நூற்றுப் பன்னிரண்டு பெண்கள். ஆறே மாதத்தில் அத்தனை பேருடைய பெயரும், யாருக்கு எந்தப் பல் சொத்தை என்பதும் அவளுக்கு மனப்பாடம். தன் கண்ணுக்கும் காதுக்கும் எதுவும் தப்பாது என்று அவள் நம்பினாள். பெருமளவு அது உண்மையும்கூட.

எலிசா என்கிற பெண் விஷயத்தில்தான் தப்பியது.

எலிசா குயிலாப்பாளையத்துக்காரி. அப்பாவுக்கு ஆரோவில்லில் தோட்டவேலை. ஒல்லியான பெண், அதிகம் பேசாதவள், கணக்கில் கெட்டிக்காரி. பத்தாம் வகுப்பில் முதல் மூன்று இடத்துக்குள் அவள் பெயர் இல்லாமல் போனதில்லை. அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு பரீட்சை முடிந்ததும் திங்கள்கிழமை பிரேயரில் தலைமையாசிரியர் சீனுவாசன் மைக்கைப் பிடித்து, முதல் ரேங்க்கிலிருந்து கடைசி ரேங்க் வரை பெயர் பெயராக வாசிப்பார். போன முறையைவிட இறங்கிப்போனவர்கள் மேடையேறி வரிசையாக நிற்க வேண்டும். பரீட்சை நெருங்கினால் விடுதியில் காலை நாலு மணிக்கே மணி அடிக்கும். பள்ளியின் தேர்ச்சி விகிதம் ஏறிக்கொண்டிருந்ததால் யாரும் அதைக் கேள்வி கேட்கவில்லை. செல்வியும் கேட்கவில்லை. மணியை அடித்தவளே அவள்தான்.

1994 டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. கணக்குப் பரீட்சை அன்று காலை எட்டரை மணிக்கு எலிசா நோயாளி அறையின் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"வார்டனம்மா, மூச்சு வாங்குது."

செல்விக்குச் சட்டென்று செப்டம்பர் மாதம் ஞாபகம் வந்தது. காலாண்டுத் தேர்வில் அறிவியல் பரீட்சைக்கு முந்தின நாளும் இவள் இப்படித்தான் வந்து நின்றாள். மறுநாள் பரீட்சை முடிந்த சாயங்காலமே மைதானத்தில் கயிறு தாண்டி விளையாடிக்கொண்டிருந்தாள். அதற்கு முன்னால் ஜூலையில் மாதத் தேர்வு. அப்போதும் இதே கதை.

"பரீட்சைன்னா மட்டும் கரெக்டா வந்துடுமாடி உனக்கு இழுப்பு? லீவுல ஏன் வர மாட்டேங்குது? போ, ஜல்தியா போய் ஹால்ல உக்காரு. எழுத ஆரம்பிச்சா எல்லாம் சரியாப்பூடும்."

எலிசா பதில் பேசவில்லை. திரும்பி நடந்தாள். பதில் சொல்லக்கூட அவளிடம் மூச்சு இல்லை என்பது செல்விக்கு இரண்டு மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது.

பத்தரை மணிக்கு ஹாலிலிருந்து ஒரு டீச்சர் ஓடிவந்தார். செல்வி போய்ப் பார்த்தபோது எலிசா மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, தோள் மேலேறி மேலேறி இறங்க, வாயைத் திறந்து காற்றைத் தேடிக்கொண்டிருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. செல்வி அவள் முதுகில் காதை வைத்தாள். வழக்கமாகக் கேட்கும் விசில் சத்தம் இல்லை. எந்தச் சத்தமும் இல்லை. உள்ளே காற்று போய்வந்தால்தானே சத்தம் வரும்! சத்தமே இல்லாத நெஞ்சுதான் பெரிய ஆபத்து என்று நர்ஸ் படிப்பில் சொல்லிக்கொடுத்தது அந்த நொடியில் அவளுக்கு நினைவுக்கு வந்தது.

"காரை வரச் சொல்லுங்க! ஜல்தி!"

வாடகை அம்பாசிடரில் எலிசாவை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஊசி, ஆக்சிஜன், மறுபடி ஊசி. பகல் பன்னிரண்டு மணிக்கு விசில் சத்தம் திரும்ப வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அந்தச் சத்தத்தைக் கேட்டு செல்வி சந்தோஷப்பட்டாள். இரண்டு மணிக்கு உதட்டில் நிறம் வந்தது. கண்ணைத் திறந்த பெண் முகமூடியை லேசாக விலக்கிவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை:

"நான் நடிக்கலம்மா."

செல்வி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். விலகிய முகமூடியைத் திரும்பச் சரியாக வைத்துவிட்டாள்.

மறுநாள் தலைமையாசிரியர் அறையில் கூட்டம். யார் மேலாவது பழி விழ வேண்டும். சமையல்காரி சின்னபொண்ணு மேல் விழுந்தது. பரீட்சைக்கு முந்தின நாள் மத்தியானம் அவள் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். "கருவாடு கெட்டுப்போயிருக்கும். அலர்ஜி. இனிமே அந்தம்மா வேண்டாம்" என்றார் சீனுவாசன். சின்னபொண்ணு வாசலில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

செல்வி எழுந்தாள். "சார், அந்தக் கொழம்ப நானும் தின்னேன். நூத்திப் பதினொரு புள்ளைங்களும் தின்னாங்க. யாருக்கும் ஒன்னும் ஆவல. எலிசா காலையில எட்டரைக்கே என்கிட்ட வந்து மூச்சு வாங்குதுன்னு சொன்னா. நான்தான் நடிக்கிறான்னு நெனச்சு அனுப்பிட்டேன். தப்பு என்னுது. வேலைய விட்டு எடுக்கணும்னா என்னை எடுங்க."

சீனுவாசன் கண்டிப்பான மனிதரே தவிர கெட்டவர் இல்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, ரெண்டு பேரும் போய் வேலையைப் பாருங்க" என்றார்.

வாசலில் சின்னபொண்ணு செல்வியின் கையைப் பற்றிக்கொண்டாள். "செல்விம்மா, உங்க வேலைக்கே உலை வச்சிக்கினீங்களே."

"நெசத்தச் சொல்றதுக்கு இன்னா பயம்? போ, அரிசி கொதிக்குது பாரு."

அடுத்த வாரம் எலிசாவை அழைத்துக்கொண்டு செல்வி விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினாள். அங்கே நெஞ்சு நோய் பார்க்கும் டாக்டர் காந்திமதியிடம் கூட்டம் அதிகம். ஆனால் உள்ளே போய்விட்டால் அவசரப்படுத்த மாட்டார். எலிசாவை ஒரு குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்தார். நிறையக் கேள்வி கேட்டார். காலையில் தும்மல் வருமா? வீட்டில் வேறு யாருக்காவது இழுப்பு உண்டா? சின்ன வயதில் முழங்கை மடிப்பில் அரிப்பு இருந்ததா? எல்லாவற்றுக்கும் எலிசா தலையாட்டினாள். கடைசியில் அவளே ஒரு கேள்வி கேட்டாள்.

"டாக்டர், எனக்குப் பரீட்சைன்னாதான் ரொம்ப வருது. அப்ப இது நோயா, வெறும் பயமா?"

"ரெண்டும்தான்" என்றார் டாக்டர். "உன் உடம்புல அலர்ஜி இருக்கு. அது நிஜம். தூசி, பழைய பஞ்சு, பனிக்காத்து எது பட்டாலும் உன் மூச்சுக்குழாய் சட்டுனு சுருங்கிக்கும். பயம் அதுக்கு மேல வந்து உட்காருது. பயந்தா மூளை ஒரு உத்தரவு போடும். சிறுநீரகத்துக்கு மேல தொப்பி மாதிரி ரெண்டு சுரப்பி இருக்கு. அதுங்க ஹார்மோன் சுரக்கும். அதுல ஒன்னு பேரு கார்ட்டிசால். உடம்புக்குள்ள வர்ற எரிச்சலையும் வீக்கத்தையும் அடக்கறது அதோட வேலைல ஒன்னு."

செல்வி குறுக்கிட்டாள். "அப்படின்னா பயந்தா இழுப்பு கொறையணும் இல்லீங்களா டாக்டர்?"

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கேள்வி பிடித்திருந்தது. "ஒரு நாள் பயம்னா அப்படித்தான் ஆகணும். இந்தப் பொண்ணு எத்தனை நாளா பயந்துகிட்டிருக்கா? ஜூன் மாசத்துலேர்ந்து. ஒரு டீச்சர் காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் 'சைலன்ஸ், சைலன்ஸ்'னு கத்திக்கிட்டே இருந்தா வகுப்பு கேக்குமா? கொஞ்ச நேரத்துல எவளும் கண்டுக்க மாட்டா. அந்த மாதிரி, மாசக்கணக்கா கார்ட்டிசால் சத்தம் போட்டுக்கிட்டே இருந்தா அலர்ஜி செல்லுங்களுக்குக் காது மரத்துப்போயிடுது. அடங்க மாட்டேங்குதுங்க. அது போதாதுன்னு, பயத்தோட சேர்ந்து சுரக்கிற வேற சில சமாச்சாரங்க அந்தச் செல்லுங்களை நேராவே சீண்டுதுன்னும் சொல்றாங்க. இன்னும் ஆராய்ச்சி நடந்துகிட்டுதான் இருக்கு. எல்லாம் தெரிஞ்சுபோச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா பயத்துல வந்தாலும் வர்ற நோய் அசல் நோய். அதுக்கு அசல் மருந்து வேணும்."

வாயில் வைத்து மருந்தை உறிஞ்சும் பம்பு இரண்டு எழுதிக்கொடுத்தார். ஒன்று தினமும் காலையும் மாலையும். மற்றது மூச்சு முட்டும்போது. "தினமும் எடுக்கச் சொன்னது கார்ட்டிசால் ஜாதி மருந்துதான். உன் உடம்பு பண்ண வேண்டிய வேலையை அது நெஞ்சுக்குள்ளயே போய், காது மரத்த செல்லுக்கும் கேக்கற மாதிரி பலமாப் பண்ணும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை எலிசாவின் அம்மா சவுரியம்மாள் விடுதிக்கு வந்தாள். மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு பம்பைப் பார்த்தாள், அழுகை நின்றுவிட்டது.

"மாதாவே! இத்தயா வாயில வச்சி அடிக்கிறா? இது பழகினா விடாதுன்றாங்களே. நாளைக்கு மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க காதுல உழுந்தா எவன் கட்டுவான்?"

"அக்கா, உம்பொண்ணு ஒதடு நீலமா ஆனத நான் பாத்தேன். நீ பாக்கல" என்றாள் செல்வி. "மாப்பிள்ளை வர்ற வரைக்கும் அவ மூச்சு உட்டுக்கினு இருக்க வேணாமா?"

சவுரியம்மாள் பம்பைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "ஒரு நாளைக்கு எத்தினி தபா அடிக்கணும்?" என்று கேட்டாள்.

எலிசா ஏப்ரலில் பொதுத்தேர்வு எழுதினாள். கணக்குப் பரீட்சை அன்று காலையில் நெஞ்சு லேசாகப் பிடித்தது. செல்வி அவளை உட்காரவைத்துப் பம்பைக் கொடுத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்து சின்னபொண்ணுவின் சாம்பாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். பதினைந்து நிமிஷத்தில் சரியாயிற்று. கணக்கில் தொண்ணூற்றாறு. பிற்காலத்தில் அவள் டிப்ளமா படித்து, ஆரோவில் பக்கம் கட்டட வரைபடம் போடும் வேலையில் அமர்ந்தாள். கல்யாணமும் ஆயிற்று, பம்பு அதற்கு ஒரு தடையாகவே இருக்கவில்லை.

ஆனால் செல்விக்கு விஷயம் எலிசாவோடு முடியவில்லை. விடுதியில் இழுப்பு உள்ளவர்கள் இன்னும் எட்டுப் பேர். காணாக்கடி என்று உடம்பெல்லாம் தடித்துப்போய் வருபவர்கள் ஆறு பேர். 1995 ஜனவரியிலிருந்து ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தாள். தேதி, பெயர், என்ன உபாதை, அன்றைக்கு என்ன சாப்பாடு, வெள்ளையடிப்பு உண்டா, மல்லாட்டை என்கிற வேர்க்கடலையின் அறுவடைத் தூசி உண்டா, பரீட்சை உண்டா, ரேங்க் வாசித்தார்களா. ஒரு வருஷம் விடாமல் எழுதினாள். வருஷ முடிவில் உட்கார்ந்து பார்த்தபோது கருவாட்டுக்கும் கத்தரிக்காய்க்கும் பெரும்பாலும் சம்பந்தமே இல்லை. தூசி நாட்களில் கொஞ்சம் கூடியிருந்தது. மிச்சமெல்லாம் பரீட்சைக்கு முந்தின வாரமும் ரேங்க் வாசிக்கும் திங்கள்கிழமையும்தான். அந்த நாட்களில் எல்லாப் பெண்களும்தான் பயந்தார்கள். ஆனால் இழுத்ததும் தடித்ததும் எலிசாவையும் சேர்த்து, ஏற்கெனவே அலர்ஜி உள்ள அந்தப் பதினைந்து பேருக்கு மட்டுமே.

நோட்டை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியரிடம் போனாள்.

"என்ன வார்டன், பரீட்சையே வைக்க வேண்டாம்னு சொல்றீங்களா?"

"இல்லீங்க சார். பரீட்சை வைங்க, படிக்கட்டும். பேரைச் சொல்லி மைக்ல வாசிக்கிறத மட்டும் உடுங்க. மேடையில நிக்க வைக்காதீங்க. நாலு மணி மணிய அஞ்சரை ஆக்குங்க. தூக்கமும் இல்ல, பயமும் தீரலன்னா உடம்பு எப்பிடித் தாங்கும்?"

"பதினெட்டு வருஷமா இப்படித்தான் நடத்தறேன். ரிசல்ட்டைப் பாருங்க" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

செல்வி விவாதம் செய்யவில்லை. அவளுக்கு அவசரமும் இல்லை. தான் எழுதியிருப்பது சரி என்று தெரிந்தவளுக்குக் காத்திருப்பது கஷ்டமாக இருக்கவில்லை.

பிப்ரவரியில் மாவட்டக் கல்வி அதிகாரிகள் ஆய்வுக்கு வந்தார்கள். பள்ளியே அல்லோலகல்லோலம். பத்து மணிக்குத் தலைமையாசிரியர் அறையிலிருந்து செல்விக்கு ஆள் வந்தது. போனால், கதவைச் சாத்திக்கொண்டு சீனுவாசன் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தார். காலருக்கு மேலே, காதுக்குப் பின்னால், மணிக்கட்டில் எல்லாம் பட்டை பட்டையாகச் சிவந்த தடிப்பு.

"ஏதாவது மாத்திரை இருந்தா கொடுங்க வார்டன். கத்தரிக்காய் சாப்பிட்டிருப்பேன்னு நினைக்கிறேன்."

"சாப்பிட்டீங்களா சார்?"

அவர் யோசித்தார். "இல்லை. நான் கத்தரிக்காய் விட்டு ஆறு வருஷம் ஆச்சு."

செல்வி மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டினாள். "இதுக்கு முன்னாடி எப்ப வந்துச்சு சார்?"

"போன வருஷம்... இதே..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். போன வருஷமும் ஆய்வு நாளில்தான். அதற்கு முந்தைய வருஷமும். ஆய்வறிக்கையைப் பெரிய கூட்டத்தில் எல்லாத் தலைமையாசிரியர்கள் முன்னாலும் வாசிப்பார்கள். அதை அவர் செல்வியிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது அவர்தான்.

"அந்த நோட்டை நாளைக்குக் கொண்டு வாங்க" என்றார்.

ரேங்க் வாசிப்பது நின்றது. மதிப்பெண் அட்டை அவரவர் கையில் போயிற்று. மணி ஐந்தரைக்கு அடித்தது. ஜன்னல் பக்கத்து அலமாரியில் பெயர் ஒட்டிய பம்புகள் யாரும் எடுக்கும்படி திறந்த தட்டில் இருந்தன. ஒளித்து வைக்கும் பேச்சே இல்லை. மெத்தை, தலையணையெல்லாம் வாரம் ஒரு முறை மொட்டைமாடி வெயிலில் காய்ந்தன. அந்த வருஷம் இழுப்பு பாதியாகக் குறைந்தது. தேர்ச்சி விகிதம் குறையவில்லை.

இதற்குப் பிறகு செல்விக்குக் கொஞ்சம் மிதப்பு வந்துவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2003 ஜூலையில் அருணா என்று ஆறாம் வகுப்புப் பெண்ணுக்கு இழுப்பு வந்தது. பம்பு கொடுத்தால் அடங்கும். மறுநாள் திரும்ப வரும். பரீட்சை எதுவும் இல்லை. அப்படியானால் மனசில் ஏதோ இருக்கிறது என்று செல்வி முடிவுகட்டினாள். வீட்டில் சண்டையா, அப்பா குடிக்கிறாரா, யாராவது திட்டினார்களா என்று ஒரு வாரம் அந்தக் குழந்தையைத் துருவித் துருவிக் கேட்டாள்.

எட்டாம் நாள் அருணாவே சொன்னாள்: "எனக்கு மனசுல ஒன்னும் இல்ல வார்டனம்மா. ஜன்னலு பக்கம் படுத்தாதான் இழுக்குது."

செல்வி கட்டில்மேல் ஏறி ஜன்னலை வெளிப்புறம் திறந்து எட்டிப் பார்த்தாள். சன்ஷேடில் புறாக்கள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. இறகும் எச்சமும் ஒரு விரல் கனத்துக்கு. அன்றைக்கே சுத்தம் செய்து வலை அடித்தார்கள்; நான்கு நாளில் பெண் தெளிந்துவிட்டாள்.

வீட்டுக்குப் போய் மரியஅந்தோணியிடம் சொல்லிச் சிரித்தாள். "மொதல்ல எல்லாம் நடிப்புன்னேன். அப்புறம் எல்லாம் மனசுன்னேன். ரெண்டுமே புள்ள சொல்றதக் கேக்காம பேசுறதுதான்."

"உனக்குப் பத்து வருஷம் முன்னாடியே நான் சொன்னேனே" என்றார் அவர்.

"நீங்க எத்தச் சொன்னீங்க? சோத்தப் போடுன்னுதான் சொல்லிக்கினு இருந்தீங்க."

முண்டியம்பாக்கத்தில் மருத்துவக் கல்லூரி வந்த பிறகு அவள் வேலை இன்னும் சுலபமாயிற்று. சந்தேகமான பெண்களை நேராக அங்கே அழைத்துப் போனாள். டாக்டர் காந்திமதி சொன்னதை இப்போது இளம் டாக்டர்கள் படம் போட்டு விளக்கினார்கள். தெரியாமல் இருந்தவற்றில் பல தெரிந்துவிட்டன. புதிதாகத் தெரியாதவை சேர்ந்திருந்தன. செல்வி எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டு, புரியாததை இரண்டாம் முறை கேட்டு, புரிந்ததைப் பெண்களிடம் அவர்கள் பாஷையில் சொன்னாள்.

2012இல் சீனுவாசன் ஓய்வுபெற்று வெகுகாலமாகியிருந்தது. புதிதாக வந்த தலைமையாசிரியைக்குப் பழைய வழக்கத்தில் ஆசை. நாலு மணிக்கு மணி, பரீட்சைதோறும் ரேங்க் பட்டியல், அதை எல்லாப் பெற்றோருக்கும் எஸ்.எம்.எஸ். செல்விக்கு ஐம்பது தாண்டியிருந்தது. பதினேழு வருஷத்து நோட்டுகளையும் மேசைமேல் அடுக்கிவைத்தாள்.

"மேடம், நீங்க நல்லதுக்குத்தான் சொல்றீங்க. இதப் படிச்சிட்டு முடிவு பண்ணுங்க. படிச்சப்புறமும் நாலு மணின்னா நான் மணி அடிக்க மாட்டேன். வேற யாரையாச்சும் அடிக்கச் சொல்லுங்க."

அந்த அம்மா மூன்று நாள் எடுத்துக்கொண்டார். முழு வெற்றி என்று சொல்ல முடியாது. மணி ஐந்துக்கு என்று முடிவாயிற்று. ரேங்க் பட்டியல் போயிற்று. மதிப்பெண் மட்டும் அவரவர் வீட்டு நம்பருக்குப் போகும். செல்வி அரை மணி நேரத்தை விட்டுக்கொடுத்தாள். "பரவால்ல, அடுத்த வருஷம் அதயும் வாங்கிடலாம்" என்று சின்னபொண்ணுவிடம் சொன்னாள்.

அடுத்து வந்த மார்ச் மாதம் பொதுத்தேர்வின் முதல் நாள் விடுதியிலிருந்து நாற்பத்தோரு பெண்கள் போனார்கள். மூன்று பேருக்குக் காலையில் நெஞ்சு பிடித்தது. ஒருத்திக்குக் கை முழுக்கத் தடிப்பு. நால்வரையும் உட்காரவைத்து மருந்து கொடுத்து, ஒவ்வொருத்தி முதுகிலும் காதை வைத்துக் கேட்டு, காற்று நன்றாகப் போய்வருகிறது என்று திருப்தியான பிறகு ஹாலுக்கு அனுப்பினாள். ஒன்பதரை மணி ஆகியிருந்தது. செல்வி கையைக் கழுவிக்கொண்டு, சூடாக நாலு இட்லி போடச் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள்.